முருகன் அட்டை போட்ட கொலைக் கதை

சாலம்மாக்கா வைத்திருக்கும் நாவல்களில் ஒன்றுக்குக்கூடச் சொந்த அட்டை வெளியே தெரியாது. சொந்த அட்டையில் ஒரு துப்பாக்கி இருக்கும், அல்லது முதுகு தெரிய ஒரு பெண் திரும்பிப் பார்ப்பாள். பெரும்பாலும் இரண்டும் இருக்கும். அது மாமியார் கண்ணில் பட்டால் நிஜமாகவே ஒரு கொலை விழும் என்று, பழைய காலண்டர் தாளைக் கிழித்து மேலட்டை போட்டுவிடுவாள். கடைக்காரர்கள் கொடுக்கும் காலண்டர் என்பதால் எல்லாம் சாமி படம். மாமியார் வீடு கூட்டும்போது கீழே கிடக்கும் புத்தகத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றி, மாடத்தில் வைத்துவிட்டுப் போவார். உள்ளே ஒருத்தி விஷ ஊசியோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருப்பாள்.

புளி மண்டியில் நாங்களும் நாவல்களை அப்படித்தான் அடையாளம் சொன்னோம். "லட்சுமி அட்டையில டாக்டர்தான் கொன்னது." "பிள்ளையார் அட்டையில மூணு சாவு." "அந்த ஆஞ்சநேயர் அட்டையைத் திரும்பப் படிக்காதக்கா, ஒரே கற்பழிப்பு." புதிதாகக் கேட்பவர்கள் பயந்துபோவார்கள்.

சாலம்மாக்கா இண்டூரில் பிறந்து, பாப்பிரெட்டிப்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எட்டாவது வரை படிப்பு. புருஷன் பச்சியப்பன் லாரி ஓட்டுகிறார். வழியில் மற்ற டிரைவர்கள் படித்துப் போட்ட நாவல்களைச் சீட்டுக்கு அடியிலிருந்து பொறுக்கிக்கொண்டு வருவார். மற்ற புருஷன்கள் பூ வாங்கி வருகிறார்கள், என் புருஷன் பொணம் வாங்கி வருகிறார் என்று அக்கா பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

நான் நாலைந்து வருஷம் ஒரு சர்வே குழுவோடு வடக்கே சுற்றிவிட்டு, இந்த வருஷம் தை மாதம் மொரப்பூரில் ரயிலைவிட்டு இறங்கினேன். எண்பத்தேழாம் வருஷம் அப்போதுதான் பிறந்திருந்தது. வீட்டில் உட்கார முடியவில்லை. காலையில் பஸ் ஸ்டாண்டு வரை நடப்பேன், எந்த பஸ் எங்கே போகிறது என்று பார்ப்பேன், திரும்பி வருவேன். அடுத்த வீட்டு வாசலில் இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த சாலம்மாக்கா ஒரு நாள் பொறுக்க முடியாமல் கூப்பிட்டாள்.

"ஏ தெரசா, வூட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடந்து ஏன் புள்ள தேயற? மண்டிக்கு வா. காலு ஓயட்டும், கையி நடக்கட்டும்."

மாசி பங்குனியில் எங்கள் ஊர் புளியால் ஆனது. சித்தேரி மலையிலிருந்தும் சுற்றியுள்ள தோப்புகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். முகம்மது கவுஸ் பாயின் மண்டியில் பதினைந்து இருபது பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்போம். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, ஆளுக்கொரு கல்லில் புளியை வைத்துச் சின்னச் சுத்தியால் தட்டிக் கொட்டையைப் பிதுக்க வேண்டும். கொட்டை எடுத்த புளியைச் சுவரோரம் பாயில் கொட்டினால், சாயங்காலத்துக்குள் அது குவியலாக ஏறும். மாலையில் வீட்டுக்குப் போய்க் கையை மோந்தால் வாய் ஊறும்.

அங்கே வாசிப்பு தொடங்கியதே ஒரு விபத்தில்தான் என்றார்கள். முன்பெல்லாம் அக்கா புத்தகத்தைத் தொடைக்கு அடியில் விரித்துவைத்துத் தனக்குள் படித்துக்கொண்டே தட்டுவாளாம். கிணற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கிற கட்டத்தில் சுத்தி கட்டைவிரலில் விழுந்தது. எதிரே இருந்த கோவிந்தம்மாள் பார்த்துவிட்டாள். கோவிந்தம்மாள் மண்டியிலேயே மூத்தவள், வாயும் மூத்தது.

"வெரலு நசுங்கினதுகூடத் தெரியாம படிக்கறயே, அப்படி என்னாடி இருக்குது அதுல? எங்களுக்குந்தான் சொல்லேன்."

அன்றிலிருந்து அக்கா உரக்கப் படித்தாள். படிக்கிறவள் தட்ட முடியாது. அதனால் ஒவ்வொருத்தியும் தன் பங்கிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அக்காவின் கூடையில் போடுவது என்று பழக்கம் ஆயிற்று. கதைக்கு 'உம்' கொட்ட ஓர் ஆள் வேண்டும். அது கோவிந்தம்மாள். அவளுடைய 'உம்'மில் ஏழெட்டு வகை உண்டு. நம்புகிறேன் என்பது ஒன்று, நடக்கட்டும் என்பது ஒன்று, இதை எழுதினவனை எதிரில் கொண்டுவா என்பது ஒன்று.

இந்த நாவல்களை நான் ரயிலில் நிறையப் படித்திருக்கிறேன். நாக்பூரைத் தாண்டி வெயிலில் வண்டி நிற்கும்போது, தமிழோ இங்கிலீஷோ, கையில் அதுதான். படித்து முடித்ததும் பக்கத்துச் சீட்டுக்காரர் பார்க்காமல் பைக்குள் தள்ளிவிடுவேன். முதல் பக்கத்தில் பிணம். பத்தாம் பக்கத்தில் காபி. துப்பறிகிறவன் உதவிக்கு வைத்திருக்கும் பெண்ணை அசட்டுத்தனமாகக் கிண்டல் செய்வான். அவள் கோபித்துக்கொள்வதுபோல் சிரிப்பாள். நடுவில் எழுத்தாளருக்குப் பக்கம் போதவில்லை என்றால் மழை பெய்யும். கடைசியில் அதுவரை கண்ணிலேயே காட்டாத ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தி, இவன்தான் கொன்றான் என்பார். ஏமாந்துவிட்டோமே என்று திட்டிக்கொண்டே அடுத்த ஸ்டேஷனில் அடுத்த நாவலை வாங்குவேன். பஜ்ஜி சாப்பிடுகிற மாதிரி. எண்ணெய் பழையது என்று தெரியும், கை நிற்காது.

மண்டியில் கேட்டபோதுதான் இந்தக் குறைகளுக்கும் ஒரு பயன் இருப்பது தெரிந்தது. வானம் சிவந்தது, கடல் அலை கரையை முத்தமிட்டது என்று அக்கா படிக்கும்போது சுத்திகள் மடமடவென்று விழும். யாருக்கும் அதைக் கேட்கத் தேவையில்லை. கதவு தானாகத் திறந்தது என்றால் சத்தம் மெலியும். உள்ளே யாரோ மூச்சு விட்டார்கள் என்றால் அத்தனை சுத்தியும் மேலேயே நின்றுவிடும்.

ஆனால் எழுத்தாளர்கள் செய்த ஒரு குற்றத்தை மட்டும் கோவிந்தம்மாள் மன்னிக்கவேயில்லை. எனக்கு இத்தனை வருஷத்தில் தோன்றாத குற்றம் அது. நான் வேலைக்குப் போன முதல் வாரம். சரஸ்வதி அட்டைக் கதையில் ஒரு மில் முதலாளி செத்து விழுந்தார். சோற்று நேரம் வந்தது. எல்லோரும் தூக்குப் போசியைத் திறந்தோம். கோவிந்தம்மாள் திறக்கவில்லை.

"ஏனக்கா, ஒடம்பு சரியில்லையா?" என்றேன்.

"பொணம் கெடக்குது. எப்படிச் சோறு எறங்கும்?"

"போலீஸ்காரங்க ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்கக்கா," என்றாள் சாலம்மாக்கா.

"அறுக்க எடுத்துட்டுப் போனாங்க. அறுத்து முடிச்சு வூட்டுக்குக் கொண்டாந்தாங்களா? எடுத்தாங்களா?"

அக்கா பக்கத்தைப் புரட்டினாள். எழுத்தாளர் அந்தப் பிணத்தை ஆஸ்பத்திரியில் விட்டவர், விட்டவர்தான். துப்பறிகிறவன் காரில் ஊட்டிக்குப் போய்விட்டான். மனைவி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பார்ட்டியில் இருக்கிறாள். எங்கள் தெருவில் ஒரு பிணம் கிடந்தால் அதை எடுக்கிறவரை யார் வீட்டிலும் அடுப்பு மூட்டுவதில்லை. கதையில் மட்டும் எப்படிச் சாப்பிடுவது?

"எடுத்துட்டாங்கக்கா," என்று அக்கா சமாளித்தாள். "சாயங்காலமே."

"கொள்ளி வெச்சது யாரு?"

"தம்பிதான்."

"தம்பி அமெரிக்காவுல இருக்கறான்னு காத்தால படிச்ச!"

அன்று கோவிந்தம்மாள் பட்டினி. மறுநாளிலிருந்து அக்கா ஒவ்வொரு நாவலையும் வீட்டில் முன்கூட்டியே படித்து, பிணம் விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே சவ அடக்கத்துக்கும் வழி பார்த்துவைத்துக்கொண்டு வந்தாள். இரண்டே வரிதான். தந்தி அடித்தார்கள், தம்பி வந்தான், எடுத்தார்கள். கோவிந்தம்மாள் 'உம்' கொட்டிவிட்டுப் போசியைத் திறப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காரியத்தில் பாய் நுழைந்தார். பங்குனி முதல் வாரம், புளி அனுப்ப வேண்டிய அவசரம் அவருக்கு. ஒரு மத்தியானம் சரக்குப் பார்க்க உள்ளே வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். இருபது பெண்களின் கையும் சுத்தியோடு ஆகாயத்தில். ஒருத்தியும் அசையவில்லை. லட்சுமி அட்டையில் டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது? போட்டோவுக்கா போஸ் குடுக்கறீங்க?"

சுத்திகள் தடதடவென்று விழுந்தன. பாய்க்கு விஷயம் விளங்கியது. அவர் கத்துகிற ஆள் இல்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

"சாலம்மா, நாளையிலேருந்து பொஸ்தகம் வேணாம்மா."

அக்கா முகம் அப்போது போன போக்கை நான் பார்த்தேன். அவளுக்கு வீட்டில் உரக்கப் படிக்க இடமில்லை. பச்சியப்பன் ஊரில் இருப்பதே அபூர்வம். இங்கேதான் அவள் குரலை மாற்றிக் கிழவனாகவும் வில்லனாகவும் பேசுவாள். துப்பறிகிறவனுக்கு மட்டும் தாசில்தார் குரல். அந்தக் குரல்களை வைத்துக்கொண்டு இனி எங்கே போவாள்?

"பாய், கதை கேட்டா கையி நிக்கும், ஒத்துக்கறேன். ஆனா சும்மா தட்டினா இவளுங்க வாயி நிக்காது. அதுவும் கை நிக்கறதுதான். ஒரு நாள் பாருங்க. படிக்கற அன்னிக்கிக் குவியல் கொறஞ்சா, நானே அத்தனை பொஸ்தகத்தையும் அடுப்புல போட்டுடறேன்."

பாய் யோசித்தார். "சரி. நாளைக்குச் சும்மா தட்டுங்க. மறுநாள் படிங்க. பாத்துடலாம்."

இங்கேதான் நாங்கள் புத்தி கெட்டுப்போனோம். சும்மா தட்டுகிற நாளில் மெதுவாகத் தட்டியிருக்க வேண்டும். ஆனால் எல்லோருக்கும் கோபம். வாயைத் திறக்காமல் வெறிபிடித்தமாதிரித் தட்டினோம். கோபத்தில் கொட்டை நன்றாகப் பிதுங்கும். சாயங்காலம் குவியல் இதுவரை ஏறாத உயரத்துக்கு ஏறிவிட்டது. பாய் சந்தோஷமாகச் சாக்பீஸ் எடுத்து, குவியலின் உச்சியை ஒட்டிச் சுவரில் முழ நீளத்துக்கு ஒரு கோடு போட்டார்.

"நாளைக்கி இத்தொட்டும் வரணும்."

"வெளங்குச்சா?" என்றாள் கோவிந்தம்மாள் எங்களைப் பார்த்து. "வாயிருந்தா பொழச்சிருப்பம்."

நான் அன்று மண்டியிலிருந்து நேராக மொரப்பூர் போனேன். வேலை ஒன்றுமில்லை, ரயிலைப் பார்க்கத்தான். வீட்டிலிருந்த கதைகள் எல்லாம் ஒருமுறை படித்தவை. பந்தய நாளுக்குப் புதிதாக இருக்கட்டும் என்று ஸ்டேஷனில் ஒரு நாவல் வாங்கி வந்தேன். 'மஞ்சள் கார், மௌன விரல்.' அட்டையில் ஒரு காரும் ஒரு விரலும். அதில் கொஞ்சம் ரத்தம். திரும்ப ராத்திரி ஆகிவிட்டதால் காலையில்தான் அக்காவிடம் கொடுத்தேன். அவள் அவசரமாக முருகன் படத்தை மடித்து அட்டை போட்டாள். முன்கூட்டிப் படிக்க நேரமில்லை என்பது எங்கள் இருவருக்குமே அப்போது உறைக்கவில்லை.

முதல் அரைமணி நேரம் அமோகம். பெசன்ட் நகரில் விடிகிறது. அது விடிந்துகொண்டே இருக்கிறது. சுத்திகள் மழைபோல் விழுந்தன. பங்களா முதலாளியம்மா பெயர் சௌபர்ணிகா.

"என்னா பேரு?" என்றாள் கோவிந்தம்மாள்.

"சௌபர்ணிகா."

"சௌபாக்கியம்னு வெச்சுக்க. மேல படி."

துப்பறிகிற சஞ்சீவ் எப்போதும்போல் சஞ்சீவி ஆனான். சௌபாக்கியம் மஞ்சள் காரின் கதவைத் திறந்தாள், செத்தாள். போலீஸ் வந்தது. பிணம் ஆஸ்பத்திரிக்குப் போனது. சஞ்சீவி காபி கேட்டான். உதவிக்கு இருந்த நிஷா கோபித்துக்கொண்டாள். அடுத்த அத்தியாயம், அதற்கடுத்த அத்தியாயம். சஞ்சீவி விமானம் ஏறிப் பெங்களூர் போனான். அக்கா படித்துக்கொண்டே அடுத்தடுத்த பக்கங்களைப் புரட்டுவதைப் பார்த்தேன். இன்னும் புரட்டினாள். அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது, பிணத்தை எடுக்கவில்லை என்று.

கோவிந்தம்மாளின் 'உம்' நின்றது. அது நின்றதும் ஒவ்வொருத்தியாகச் சுத்தியைக் கீழே வைத்தார்கள். சோற்று நேரம் வந்தது. அன்று கோவிந்தம்மாள் மட்டுமல்ல, ஒருத்திகூடப் போசியைத் தொடவில்லை.

"பாவம்டி அந்தச் சௌபாக்கியம்," என்றாள் காசியம்மாள். எங்கள் தெருவில் எந்தச் சாவானாலும் ஒப்பாரிக்கு முதல் குரல் அவளுடையது. "அத்தாம் பெரிய வூடு. தூக்கறதுக்கு நாலு பேரு இல்லையா?"

குவியல் கோட்டுக்கு ரொம்பக் கீழே கிடந்தது. நான் சாலம்மாக்காவின் காதில், "இரண்டு வரி சொல்லிடுக்கா, தந்தி அடிச்சாங்க, எடுத்தாங்கன்னு," என்றேன்.

"ரெண்டு வரி பத்தாது புள்ள. ரொம்ப நேரமாக் கெடக்குது," என்றாள் அக்கா.

பிறகு முருகன் அட்டையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். படிப்பது போலத்தான் இருந்தது. ஆனால் கண் அசையவில்லை.

"ஆஸ்பத்திரியிலிருந்து சௌபர்ணிகாவின் சடலம் வந்தது. வந்துச்சா, வாசல்ல பந்தல் போட்டுட்டாங்க. சொந்தக்காரங்க எல்லாம் வந்துட்டாங்க. அண்ணன் வந்தான். சம்பந்தி வந்தாங்க. சமையல்காரி வந்து தலைமாட்டுல உக்காந்துட்டா. தோட்டக்காரன் வந்தான். சந்தேகப்பட்ட மேனேஜரும் வந்தான், மாலையோட."

"உம்!" என்றாள் கோவிந்தம்மாள். மண்டியே அதிர்ந்தது.

"பொறந்த வூட்டுக் கோடி வந்துச்சு. நெய்ப்பந்தம் புடிச்சாங்க. எடுடா மேளம்ன்னாங்க."

காசியம்மாள் சுத்தியை எடுத்துக் கல்லில் மெதுவாகத் தட்டினாள். சாவு மேளத்தின் தட்டு. பக்கத்திலிருந்தவள் சேர்ந்துகொண்டாள். பிறகு எல்லோரும். இருபது சுத்தியும் ஒரே தாளத்தில் விழ, கொட்டைகள் நாலாபக்கமும் தெறித்தன. காசியம்மாள் குரலெடுத்தாள்.

"மஞ்சக் காரு ஏறயில மகராசி நீ சிரிச்சியே,
மச்சு வூடு கட்டி வெச்சு மண்ணுக்கா நீ போற!"

ஊர்வலம் பெசன்ட் நகரில் கிளம்பி எங்கள் பஸ் ஸ்டாண்டு வழியாகத் திரும்பி வாணியாற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போனது. ஒருவருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. பொரி இறைத்தார்கள். அக்கா நடத்திக்கொண்டே போனாள். நாங்கள் தட்டிக்கொண்டே போனோம். நானும் அழுதேன். புளித் தூசு கண்ணில் விழுந்தது என்று சொல்லலாம். யாரும் கேட்கவில்லை.

அப்போது கவுஸ் பாய் செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

"யாரு? யாரு மவுத்து? யாரு வூட்டுல?"

யாரும் தாளத்தை நிறுத்தவில்லை. நான்தான் எழுந்து போய்ச் சொன்னேன். "மெட்ராஸ்ல ஒரு பணக்கார அம்மா, பாய். பேரு சௌபாக்கியம்."

"எப்போ?"

"காலையில."

"காலையிலயா? இன்னும் எடுக்கலையா?"

"இப்பத்தான் எடுத்திருக்காங்க."

பாய் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். இறந்தவரை வீட்டில் நேரம் கடத்தி வைத்திருப்பது அவருக்கும் ஆகாது. அப்படியே நின்று, கொள்ளி வைத்து எல்லோரும் வாணியாற்றில் முழுகி எழுகிறவரை கேட்டார். பிறகு நாங்கள் போசியைத் திறந்தோம். பாய் போகவில்லை.

"கொன்னது யாரும்மா?" என்றார் மெதுவாக.

சோறு முடிந்ததும் அக்கா மறுபடியும் அச்சில் உள்ளதைப் படித்தாள். சுத்திகளில் மேளத்தின் வேகம் இன்னும் இருந்தது. சஞ்சீவி எல்லோரையும் பங்களா ஹாலில் உட்காரவைத்தான். சமையல்காரி இல்லை. தோட்டக்காரன் இல்லை. மேனேஜரும் இல்லை. திடீரென்று கதவைத் திறந்துகொண்டு சிங்கப்பூர் மாமா ஒருவர் வந்தார். அதுவரை கதையில் இல்லாத மாமா. கொன்றவர் அவர்தான்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ரயிலில் என்றால் இந்த இடத்தில் புத்தகத்தை ஜன்னல் வழியே எறிய நினைப்பேன். கோவிந்தம்மாள் இப்போது எழுதினவனை எதிரில் கொண்டுவரச் சொல்வாள்.

கோவிந்தம்மாளோ நிதானமாகத் தலையை ஆட்டினாள். "நான் அப்பவே நெனச்சேன்."

"எப்படிக்கா?"

"எழவுக்கு எல்லாரும் வந்தாங்களா? சமையல்காரி வந்தா, தோட்டக்காரன் வந்தான், சம்பந்திகூட வந்தாங்க. இந்த மாமன் வந்தானா? கூடப்பொறந்தவ பொண்ணு சாவுக்கு வராதவன் வேற எதுக்குடி வராம இருப்பான்?"

"அதான!" என்றார் பாய். சுவரிலிருந்து நிமிர்ந்தேவிட்டார். "நானுந்தான் கேட்டுட்டே இருந்தேன். மாமன்னு ஒருத்தன் வரவேயில்லையே!"

சாலம்மாக்கா என்னைப் பார்த்தாள். எழுதினவர் செய்த தப்பை, எழுதாத ஓர் எழவு நேராக்கிவிட்டிருந்தது.

சாயங்காலம் பாய் கோட்டைப் பார்க்கத் திரும்பினார். சுவரில் கோடு இல்லை. மத்தியானம் முழுக்க அதன்மேல்தான் சாய்ந்து நின்றிருந்தார். அது அவருடைய கறுப்புச் சட்டையின் முதுகில் குறுக்கே வெள்ளையாகத் தெரிந்தது. எங்களுக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. காசியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். குவியல் கோடு இருந்த இடத்தைத் தாண்டியதா இல்லையா என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியாது. பெரிய குவியல்தான்.

பாய் குவியலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"சரி, படிச்சுக்கங்க. ஆனா சாலம்மா, ஒண்ணு. மய்யத்து விழுந்தா அன்னிக்கே எடுத்துடணும். என் மண்டியில ராத்தங்கக் கூடாது."

"சரிங்க பாய்," என்றாள் அக்கா. "சில பொஸ்தகத்துல மூணு நாலு விழுதுங்களே?"

பாய் வாசலில் நின்று, முதுகில் கோட்டோடு கொஞ்சம் யோசித்தார்.

"எல்லாத்துக்கும் ஒரே மேளமா வெச்சுக்க," என்றார். "ஆனா மாமன் வந்தானான்னு மட்டும் பாத்துக்க."